அக்கா மெஷின்

அத்தியாயம் ஒன்பது

மூன்று வெட்டு. அரத்தால் இழுத்தது. நடுவில் இருப்பது மட்டும் ஒரு நூல் கூடுதல் நீளம்.

முந்தின நாள் கடை சாத்தும் நேரத்தில் ஒரு பெண் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன தையல் மெஷின் அது. கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் அந்த மூன்று வெட்டு இருந்தது. அப்போது மெக்கானிக்கம்மாவின் கையிலிருந்து நழுவிய ஸ்க்ரூ டிரைவர் காலையிலும் பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

முப்பது வருஷமாக அவளுக்கு இதே தொழில். பிரித்துப் பூட்டிய மெஷின்களுக்குக் கணக்கில்லை. ஆனால் தலை முதல் கால் வரை அவளே சேர்த்துச் செய்தது ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன ஐந்து மெஷின்களில் உருப்படியாக இருந்ததைப் பொறுக்கி, நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்து, அடியில் தன் அடையாளமாக மூன்று வெட்டு இழுத்து, ஒரே தங்கையின் கல்யாணத்துக்குக் கொடுத்த மெஷின். பதினோரு வருஷம் ஆகிறது.

அந்த மெஷினை யாரோ ஒருத்தி ரிப்பேருக்குக் கொண்டுவருகிறாள்!

அதுவும் எப்படிப்பட்ட நாளில்? இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கை புது வீட்டுக்குக் குடி போகிறாள். சொந்தபந்தம் எல்லாம் வரும். எந்த வீட்டில் என்ன நல்லது நடந்தாலும் மெக்கானிக்கம்மா தன் கையால் செய்த ஒன்றோடு போய் நிற்பாள். "அவ வெறுங்கையா வந்து பாத்ததே இல்ல" என்பது குடும்பத்தில் அவளுக்குக் கிடைத்த பட்டம். அதை வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாளே தவிர, உள்ளுக்குள் அந்தப் பட்டத்தைத் தினமும் துடைத்துப் பளபளப்பாகத்தான் வைத்திருந்தாள். இந்த முறைக்கும் பழைய மெஷின் சக்கரம் ஒன்றில் மேஜை விளக்கு செய்து தயாராக இருந்தது.

இப்போது போவதா, வேண்டாமா? போனால் எந்த முகத்தோடு போவது?

கை சும்மா இருக்குமா? மெஷினின் தகட்டைக் கழற்றினாள். துணியைத் தள்ளும் பல்லுக்கு அடியில் நூல் தூசி கம்பளிபோல இறுகிக் கிடந்தது. சிறு இடுக்கியால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

மேலே கறுப்பு. அதற்கு அடியில் நீலம். அதற்கும் அடியில் வெள்ளை.

மூன்று பேர் தைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. ஒவ்வொருத்தியும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, பிழைப்புக்காகத் தைத்திருக்கிறாள். தூசி விஷயத்தில் சோம்பேறிகள்தான், ஆனால் எண்ணெய் விட்ட கைகள் ஒழுங்கான கைகள். ஒரு துவாரத்தைக்கூட விடவில்லை.

தங்கையின் தூசி மட்டும் இல்லை. வெள்ளைக்கு அடியில் வெறும் இரும்பு, அவள் பூட்டிக் கொடுத்தபடியே. தங்கை ஒரு தையல்கூடப் போட்டதில்லை.

*

பத்து மணிக்கு மெஷின்காரப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் பெரிய பை, அதில் குடைகள். பேசிக்கொண்டேதான் படி ஏறினாள்.

"என்னங்க மெக்கானிக்கம்மா, உயிர் இருக்கா அதுக்கு?"

"உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஊசி எதுலயோ மோதி, உள்ள கொக்கி முனையில பிசிறு தூக்கிக்கிட்டு நிக்குது. நூல் வந்து வந்து அதுல அறுபடுது. எதுல ஏத்தினே?"

"குடைக் கம்பிங்க." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பேச்சு சுவாரசியத்துல..."

"அதான பாத்தேன். அதுக்கும் வாய் இருந்தா உன்னை நாலு கேள்வி கேட்டிருக்கும்." பிசிறைத் தேய்க்க எமரித் தாளை மடித்தபடி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "இத எங்க வாங்கினே?"

"வாங்கலீங்க. இது வாங்கற மெஷின் இல்ல, குடுக்கற மெஷின்."

"அப்படின்னா?"

குடைக்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொல்லப் பிடித்த கதை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"இத யாரும் விக்கக்கூடாதுங்க. வச்சுப் பொழைச்சுக்கலாம். சொந்தமா ஒண்ணு வாங்கற அளவுக்கு வந்துட்டா, இல்லாத இன்னொருத்திக்குக் குடுத்துடணும். எனக்கு ஸ்கூல் யூனிபார்ம் தைக்கறவங்க குடுத்தாங்க. அவங்களுக்கு ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைக்கறவங்க குடுத்தாங்களாம். எனக்கு அடுத்த வாரம் புது மெஷின் வருது. அதான் சரி பண்ணிக் குடுக்கலாம்னு கொண்டாந்தேன். ஓட்டை ஒடசலாக் குடுத்தா அக்கா மெஷினுக்கு அவமானம் இல்லீங்களா?"

"எது?"

"அக்கா மெஷின். அதான் இதுக்குப் பேரு. எந்த அக்கான்னு எனக்குத் தெரியாது. பேரு மட்டும் மெஷினோடயே வருது."

எமரித் தாள் கொக்கியின் மேல் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முனையே போயிருக்கும்.

கூடப் பிறந்தவள் கொடுத்ததைத் தூக்கி வேறு ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறாள் தங்கை. அதோடு விட்டாளா? அந்த ஒருத்திக்கு 'அக்கா' என்று பேரும் வைத்திருக்கிறாள். அந்தத் தலையணை உறைக்காரிதானே இவர்கள் எல்லோருக்கும் அக்கா? மெஷின் போனதுகூடப் பெரிதில்லை. அந்தச் சொல்லும் கூடவே போய்விட்டதே என்றுதான் சுருக்கென்றது. வீட்டில் அவளை வேறு எப்படியும் யாரும் கூப்பிட்டதில்லை. அம்மா அப்பாகூடக் கடைசியில் 'அக்காவைக் கேளு, அக்காகிட்ட சொல்லு' என்றுதான் சொல்லிப் பழகியிருந்தார்கள்.

'அதைச் செய்தது நான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கொடுத்தது வேண்டாம் என்று தள்ளப்பட்டவள் நான் என்று எப்படிச் சொல்வது?

"நாளைக்கு வா. தயாரா இருக்கும்."

குடைக்காரி எழுந்து, பையிலிருந்து பச்சை நிறக் குடை ஒன்றை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். "இது உங்களுக்குங்க. ஓரம் ரெட்டைத் தையல் போட்டது. மழை வர்ற மாதிரி இருக்கு."

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள் மெக்கானிக்கம்மா. யோசித்துச் சொன்னதில்லை. தும்மல்போலத் தானாக வந்தது. யார் எதை நீட்டினாலும் அவள் வாயிலிருந்து வருவது அதுதான்.

"ஆசையாக் குடுக்கறேங்க."

"எடுத்துட்டுப் போ. வித்தா உனக்கு ஆகும்."

அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் சுருங்கியது. குடையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, எதுவும் பேசாமல் படி இறங்கிப் போனாள். அவ்வளவு பேசினவள்!

*

மத்தியானம் வீட்டில் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது அவள் கணவர் வந்தார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுவது அவர் வேலை. வீட்டிலும் எதையும் தொடாமல் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

"ரீடிங் ஜாஸ்தியா இருக்கே இன்னிக்கு" என்றார், அவள் முகத்தைப் பார்த்து.

சொன்னாள். கொட்டித் தீர்த்தாள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"அப்ப போக வேண்டாம்ங்கறியா?"

"போகத்தான் போறேன். போய்க் கேக்கத்தான் போறேன். அவ வீட்டுக்குப் போறப்பெல்லாம் 'மெஷின் ஓடுதாடி?'ன்னு கேப்பேன். 'நல்லா ஓடுதுக்கா, மாடி ரூம்ல இருக்கு'ம்பா. பதினோரு வருஷம்ங்க! நானும் நம்பிட்டு மாடி ஏறிப் பாக்காம வந்திருக்கேன்."

"விளக்கு எடுத்துக்கலயா?"

"அது இருக்கட்டும்." அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். "இததான் கொண்டு போகப் போறேன்."

பெட்டிக்குள் தங்கை அவளுக்கு வருஷா வருஷம் கொடுத்தவை எல்லாம் இருந்தன. ஒரு கறுப்புக் கண்ணாடி. சிவப்புக் கைப்பை. காய்ந்து கட்டியாகிப்போன நகப்பூச்சு. எல்லாவற்றுக்கும் அடியில், தங்கையின் கல்யாணத்தன்றே அவள் அக்காவுக்கு என்று கொடுத்த நீச்சல் உடை, நீச்சல் கண்ணாடியோடு. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அன்று அதைப் பிரித்துப் பார்த்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். 'எதுக்குடி இதெல்லாம்' என்று மடித்து உள்ளே வைத்தாள். அதோடு சரி.

"அவ குடுத்தத நான் ஒருத்தருக்கும் தூக்கிக் குடுக்கல. ஒண்ணுகூடக் குறையாம வச்சிருக்கேன். பாக்கட்டும். கொண்டு போய் முன்னால வச்சுக் கேக்கறேன், யார் மரியாதை தெரிஞ்சவன்னு."

கணவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, குறித்துக்கொண்டார் போலிருக்கிறது, மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது தூறல் ஆரம்பித்தது.

"யாரோ குடை குடுத்தாங்கன்னியே?"

"வேண்டாம்னுட்டேன்."

"நல்லது" என்றார் அவர், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு.

*

நான்காவது மாடி. புதுச் சுண்ணாம்பு வாசனை. வாசல் நிறையச் செருப்பு.

ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள் தங்கை. சின்ன வயதில் தண்ணீரைக் கண்டால் குதிப்பாள் என்று அக்கா வைத்த பெயர் தவளை. இன்று தோள் அகன்று, கழுத்து நிமிர்ந்து, தன் சொந்த வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கம்மா அதைப் பார்த்துப் பூரிக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் படியேறினாள். பூரித்துவிட்டாள். அதற்காகவும் கோபம் வந்தது.

"வந்துட்டா பாரு!" என்றாள் நாற்காலியில் இருந்த சித்தி. "என்னடி அது கையில, பழைய டப்பா? ஊருக்கெல்லாம் புதுசு புதுசா செஞ்சு குடுப்பே, கூடப்பிறந்தவளுக்கு அலமாரியக் காலி பண்ணிட்டு வந்தியா?"

"ஆமா சித்தி. அலமாரியத்தான் காலி பண்ணிட்டு வந்தேன்." தங்கையைப் பார்த்தாள். "தவளை, கொஞ்சம் பால்கனிக்கு வா."

பால்கனிக் கதவைச் சாத்தினாள். பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"மெஷின் எங்கடி?"

தங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தெரிஞ்சு போச்சா?"

"என் பெஞ்ச் மேல இருக்கு. குடை தைக்கற பொண்ணு கொண்டாந்தா. கேக்கறப்பெல்லாம் நல்லா ஓடுதுன்னியே!"

"பொய் சொல்லலயே. ஓடிட்டுதானே இருந்துச்சு?"

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதே. பிடிக்கலன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. உனக்குத் தெரியாதா? என் சட்டைப் பொத்தானெல்லாம் நீதானே தைச்சுக் குடுப்பே. தெரிஞ்சும் ஏன்க்கா குடுத்தே?"

"உனக்கு ஒரு பிடிப்பு இருக்கட்டும்னுதான். நீச்சல் சோறு போடுமான்னு எனக்கு..."

"பயம்." தங்கை முடித்தாள். "அததான் அந்த மெஷின் தினம் என்கிட்ட சொல்லுச்சு. காலையில குளத்துக்குக் கிளம்பறப்பெல்லாம் மூலையில நின்னு பாக்கும். போ, போ, நீ தோத்துட்டு வருவே, அப்ப நான் இருக்கேன்னு சொல்லும். ஆறு மாசம் தாங்கினேன்."

மெக்கானிக்கம்மாவுக்கு அந்த நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு திருகையும் முடுக்கும்போது அவள் மனதில் இருந்தது தங்கையின் முகமா? இல்லை. 'எனக்குக் கை கொடுத்தது இவளுக்கும் கொடுக்கும்' என்பதுதான். தன்னையே இன்னொரு தடவை பூட்டி, தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

"சரி. வேண்டாம்னா தூக்கிப் போட்டிருக்க வேண்டியதுதானே? இன்னொருத்தியப் போய் அக்கான்னு கூப்பிட்டு..."

"யார அக்கான்னு கூப்பிட்டேன்?"

"அக்கா மெஷின்னு பேராம். அந்தப் பொண்ணு சொன்னா."

தங்கை அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "குளத்துக்கு ஒரு பொண்ணு வேலை தேடி வந்தா. தலையணை உறை தைக்க ஆர்டர் இருக்கு, மெஷின் இல்லன்னா. குடுத்தேன். விக்கக்கூடாது, உனக்கு வசதி வந்ததும் இன்னொருத்திக்குக் குடுத்துடணும்னு சொன்னேன். இன்னொண்ணும் சொன்னேன். இது கடையில வாங்கினது இல்ல, எங்க அக்கா பண்ணது. யார் கேட்டாலும் அத மட்டும் மறக்காம சொல்லணும்னேன். நீ பண்ணதுக்கா. நீதான் அந்த அக்கா. வேற யார் எனக்கு?"

கீழே தெருவில் மழை வலுத்துவிட்டிருந்தது. மெக்கானிக்கம்மா கம்பிக்கு வெளியே உள்ளங்கையை நீட்டினாள்.

"நீ என்ன கொண்டு வந்தே? அதக் காட்டு" என்று தங்கை உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். கறுப்புக் கண்ணாடி. கைப்பை. நகப்பூச்சு. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் நீச்சல் உடை. தூக்கிப் பிடித்து இழுத்தாள். மொறுமொறுவென்று ஒரு சத்தம். எலாஸ்டிக் பொடியாக உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது.

எலாஸ்டிக் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் செத்துவிடும். அது மெக்கானிக்கம்மாவுக்குத் தெரியாததா? எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்!

"பத்திரமா வச்சிருந்திருக்கே" என்றாள் தங்கை. குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

தங்கை தூக்கிக் கொடுத்தது மூன்று குடும்பத்துக்குச் சோறு போட்டுவிட்டு, இன்னும் ஓடத் தயாராகப் பெஞ்சின்மேல் நிற்கிறது. இவள் பத்திரப்படுத்தியது உதிர்ந்து கிடக்கிறது. மரியாதை யாருக்குத் தெரியும் என்று கேட்கத்தானே வந்தாள்?

"ஏன்டி இதப் போய் எனக்குக் குடுத்தே, அன்னிக்கு?" என்றாள்.

"நீயும் ஒரு நாள் தண்ணியில மிதக்கணும்னுதான். யாருக்கும் எதுவும் பண்ணாம. ஒரு மணி நேரம். உன்னை யாருமே அப்படிப் பாத்ததில்லக்கா. நான் பாக்கணும்னு ஆசைப்பட்டேன்."

அவள் தங்கைக்குத் தன்னைக் கொடுத்திருந்தாள். தங்கையும் அவளுக்குத் தன்னைத்தான் கொடுத்திருக்கிறாள். ரெண்டும் அக்கா தங்கைதான், சந்தேகமே இல்லை.

"நீச்சல் சோறு போட்டுடுச்சு போலிருக்கே?" என்றாள், சுவரைத் தட்டிப் பார்த்து.

"வீடே வாங்கிக் குடுத்துடுச்சு." தங்கை சிரித்தாள். கண் நனைந்திருந்தது. "உனக்கு வேற நீச்சல் டிரெஸ் வாங்கித் தர்றேன். இப்ப இருக்கற அளவுக்கு."

மெக்கானிக்கம்மாவின் வாய் 'எதுக்கு' என்று திறந்தது. திறந்ததை அவளே உணர்ந்தாள். மூடினாள்.

"வாங்கு" என்றாள். "கை வச்சது பாத்து வாங்கு. சனிக்கிழமை எத்தன மணிக்குக் குளம் திறப்பீங்க?"

"ஆறு மணிக்கு."

"விளக்கு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன் உனக்கு. மெஷின் சக்கரத்துல. கோவத்துல எடுத்துட்டு வரல."

"நாளைக்கே குடு. விளக்குதானே, எரியும். என்னை ஒண்ணும் சொல்லாது."

கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் உள்ளே வந்தபோது சித்தி நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி ரகசியம்?"

"சித்தி, அக்கா நீச்சல் கத்துக்கப் போறா!"

"கடலுக்கே காய்ச்சல் வந்துடும்" என்றாள் சித்தி. வீடு சிரித்தது. ஓரமாக நின்ற கணவர் மட்டும் சிரிக்காமல் மனைவியின் முகத்தை எட்டிப் பார்த்தார். "ரீடிங் இறங்கிடுச்சு" என்றார், தனக்குள்.

மெக்கானிக்கம்மா போனை எடுத்துக்கொண்டு புது வீட்டின் சமையலறைக்குள் போனாள். பர்ஸில் மடித்து வைத்திருந்த மெஷின் ரசீதைப் பார்த்து எண்ணை அழுத்தினாள்.

"மெக்கானிக்கம்மாவா? என்னங்க, ரெடியா?" என்றாள் குடைக்காரி.

"நாளைக்கு ரெடி. காலையில சொன்னியே, எந்த அக்கான்னு தெரியாதுன்னு." நிமிர்ந்து நின்றாள். போனில் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள். "அந்த அக்கா நான்தான். நாளைக்கு வந்து மெஷினக் கவுத்துப் பாரு, மூணு வெட்டு இருக்கும். நான் இழுத்தது."

மறுமுனையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

"ஏய், இருக்கியா?"

"இருக்கேங்க. உக்காந்துக்கிட்டேன்." குரல் வேகமெடுத்தது. "உங்களுக்கு ஒரு பொட்டலம் இருக்குங்க. மெஷினோடயே கைமாறி வருது. அக்காவப் பாத்தா குடுக்கணும்னு தலையணை உறைக்காரங்க வெள்ளைத் துணியில தைச்சு மூடினது. அதுக்கு மேல யூனிபார்ம்காரங்க அவங்க பங்கு ஒண்ணு வச்சு நீல உறை போட்டாங்க. நான் கறுப்பு உறை போட்டேன். என்னோடதத் தவிர உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. நாங்க யாரும் பிரிச்சதில்ல." ஒரு கணம் தயங்கினாள். காலையில் குடையைத் திருப்பி வாங்கிக்கொண்ட தயக்கம் அது. "கொண்டு வரட்டுங்களா? வாங்கிப்பீங்களா?"

"கொண்டு வா" என்றாள் அக்கா. "அப்படியே அந்தப் பச்சைக் குடையையும் எடுத்துட்டு வா. இன்னிக்கு நல்லா நனைஞ்சுட்டேன்."